உப்புக்கடன் யாருக்கு? பழமொழிகளும் மரக்காணத்து அளங்களும்

பாக்கெட் உப்பு பரவுவதற்கு முன், மளிகைக்கடைக்காரர் இரவில் கடையை மூடும்போது அரிசி உள்ளே போகும், பருப்பு உள்ளே போகும், எண்ணெய் டின் உள்ளே போகும். உப்பு மூட்டை மட்டும் வாசலிலேயே கிடக்கும். சிற்றூர்க் கடைத்தெருக்களில் இன்றும் இதைக் காணலாம். திருடன் வீட்டிலும் குழம்பு கொதிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவன் அதைத் தொடுவதில்லை. மலிவான பொருள், சுமையோ அதிகம், போதாததற்கு உப்பைத் திருடினால் பாவம் என்ற நம்பிக்கை வேறு. இப்படித் திருடக்கூட லாயக்கில்லாமல் தெருவில் கிடக்கும் பொருளைத்தான் 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்ற பழமொழி ஆயுட்காலக் கடனாக்குகிறது. கடை வாசலில் விலையற்றுக் கிடந்தது, இலையில் விழுந்ததும் தீராத கடனாகிவிடுகிறது.

இக்கடன் யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மனிதர்களின் நன்றி, ரோஷம், கஞ்சத்தனம், விருந்து முறை ஆகியவற்றைப் பற்றித் தமிழில் வழங்கும் கூர்மையான சொற்களில் கணிசமானவை உப்பைத் தொட்டே பேசுகின்றன. அவற்றை இதுவரை அறவுரைகளாகவே படித்துவந்திருக்கிறோம். உப்பு விளையும் ஓர் ஊரில் நின்று படித்தால் அவை எப்படித் தோன்றும்? அதற்கு மரக்காணத்தை எடுத்துக்கொள்கிறேன். விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் உப்பளங்கள் விரிந்து கிடக்கும் ஊர் அது. தூத்துக்குடி அளங்களோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் சங்க இலக்கியத்தோடு அதற்குள்ள தொடர்பு இந்தக் கேள்விக்கு நேராகப் பயன்படுகிறது.

தொகுப்புகளில் உப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்ப் பழமொழிகளைப் பெருமளவில் அச்சேற்றியவர்கள் பாதிரிமார்கள். பீட்டர் பெர்சிவலின் தொகுப்பு 1874இல் மறுபதிப்பு கண்டபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் அதில் இருந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சன் 1897இல் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். பிற்காலத்தில் கி.வா. ஜகந்நாதன் தொகுத்தது நான்கு தொகுதிகளாக விரிந்தது. இந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் ஒரு பழமொழியை யார், எந்த ஊரில், என்ன தொழில் செய்துகொண்டு, யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்ற குறிப்பு இத்தொகுப்புகளில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அகரவரிசையில் அடுக்கும்போது பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

உப்பைப் பற்றிய வழக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பது முதலில் கண்ணில் படுகிறது. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று உப்பை ஒரு வாய் உயர்த்துகிறது. ஒன்றுக்கும் உதவாத காரியத்தை 'உப்புக்குப் பெறாத விஷயம்' என்று அதே வாய் தள்ளிவிடுகிறது. 'உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்' என்பது குற்றத்துக்குத் தண்டனை தவறாது என்ற எச்சரிக்கை. இங்கே உப்பு குற்றத்தின் பக்கம் நிற்கிறது. நன்றிப் பழமொழியிலோ அது புண்ணியத்தின் பக்கம்.

எல்லாவற்றையும்விடச் சுவையான முரண் நன்றிக்கும் ரோஷத்துக்கும் நடுவே இருக்கிறது. சண்டை முற்றும்போது நம் ஊர்களில் தவறாமல் வரும் கேள்வி, 'சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்குற?' என்பது. அதாவது உப்புத் தின்பவனுக்கு மானம் இருக்க வேண்டும், அவமதிப்பைப் பொறுக்கக் கூடாது. நன்றிப் பழமொழியின்படி அதே உப்பைத் தின்றவன் இட்டவருக்கு வாழ்நாளெல்லாம் அடங்கியிருக்க வேண்டும். சோறு போட்டவரே அவமதித்தால் இரண்டில் எது முந்த வேண்டும்? பழமொழிகள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மாமனார் வீட்டில் மாதக்கணக்கில் தங்கிய எந்த மருமகனைக் கேட்டாலும் இது கற்பனைச் சிக்கல் அல்ல என்பார்.

விருந்து முறையிலும் உப்புக்குத் தனி நெறிகள் உண்டு. இலையில் முதலில் வைப்பது உப்பு. ஆனால் பரிமாறிய குழம்பில் உப்புப் போதவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல எல்லோருக்கும் உரிமை கிடையாது. வீட்டுத் தலைவர் சொன்னால் அது கட்டளை. புது மருமகள் சொன்னால் திமிர். விருந்தாளி சொல்லக் கூடாது, இலை ஓரத்து உப்பை விரல் நுனியால் தொட்டுக் கலந்துகொள்ள வேண்டும். அந்த ஓர உப்பு மரியாதைக்காக மட்டும் வைக்கப்படுவதில்லை, விமர்சனத்தைத் தடுப்பதற்காகவும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. விளக்கு வைத்த பிறகு அண்டை வீட்டுக்கு உப்புக் கொடுக்கக் கூடாது என்ற வழக்கமும் பல வீடுகளில் உள்ளது. உப்போடு லட்சுமியும் போய்விடுவாள் என்பார்கள். கொடையை அவ்வளவு புகழும் சமூகம், மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு கைப்பிடி உப்புக் கேட்டால் கதவோரம் நின்று தயங்குகிறது.

சுவையின் அளவைக் கொண்டு உறவின் அளவைச் சொல்வதும் பழைய முறைதான். காதலர் ஊடல் உணவில் உப்புப் போல அளவாக இருக்க வேண்டும், நீண்டால் உப்பு மிகுந்த கறியாகிவிடும் என்ற கருத்துத் திருக்குறளின் 1302ஆம் குறளில் இருக்கிறது. கும்பகோணத்துக்கு அருகே திருநாகேசுவரத்தில் உள்ள உப்பிலியப்பன் கோயில் கதை இதற்கு ஒரு படி மேலே போகிறது. பெண் கேட்டு வந்த பெருமாளிடம், சிறு பெண், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது என்று தந்தை தயங்க, உப்பில்லாமலே உண்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டாராம். இன்றும் அக்கோயிலில் நைவேத்தியம் உப்பின்றியே செய்யப்படுகிறது. உப்பில்லாப் பண்டத்தைக் குப்பைக்கு அனுப்பிய பழமொழிக்கு இதைவிட நாகரிகமான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்லாமலிருக்கக் கணவன் கடவுளாக இருக்க வேண்டியிருக்கிறது என்பதையும் அந்தக் கதை தற்செயலாக ஒப்புக்கொண்டுவிடுகிறது.

இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள்

உப்பு நன்றியின் அடையாளமானது ஏன் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் அறம் சார்ந்தது. உணவிட்டவரை மறவாதே என்பதுதான் பொருள், உப்பு உணவுக்கு ஆகுபெயர் என்று பள்ளி உரைநூல்கள் அதோடு முடித்துக்கொள்ளும். பொருள் சரிதான், ஆனால் அரிசியை விட்டு, நெய்யை விட்டு, உணவிலேயே மலிவான ஒன்று ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கு இதில் விடை இல்லை.

அடுத்த விளக்கம் அதிகார உறவைக் கணக்கில் எடுக்கிறது. வடக்கே துரோகியைத் திட்டும் 'நமக்ஹராம்' என்ற வசையும், இங்கே கர்ணனைச் சொல்லிப் போற்றும் செஞ்சோற்றுக் கடனும் ஒரே உறவின் இரு முகங்கள். சோறு போடுபவர் எஜமானர். தின்பவர் சேவகர் அல்லது போர்வீரர். கர்ணன் நண்பனின் வழக்கு நியாயமற்றது என்று தெரிந்தே சாகிறான், அதற்காகவே புகழப்படுகிறான். இப்படிப் பார்த்தால் உப்புக்கடன் என்பது நியாயத்தைக் கேட்காமல் இருப்பதற்கான ஒப்பந்தம். ரோஷப் பழமொழி ஒருவேளை இந்த ஒப்பந்தத்துக்கு அடித்தட்டிலிருந்து எழுந்த எதிர்வினையாக இருக்கலாம். சான்று காட்டி நிறுவ முடியாத ஊகம்தான், ஆனாலும் நான் அதன் பக்கமே சாய்கிறேன்.

பொருளாதார விளக்கமும் உண்டு. கடற்கரையில் அள்ளக் கிடைக்கும் உப்பு உள்நாட்டுக்கு வண்டியேறிப் போகும்போது விலை ஏறும். சென்னை மாகாணத்தில் 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. உப்பின் மீதான வரி 1947 வரை நீடித்தது. அத்தகைய காலத்தில் உப்பிட்டவரை நினைப்பதில் வியப்பில்லை என்பது வாதம். இதில் உண்மை உண்டு. ஆனால் பழமொழிகள் கம்பெனிக்கு முந்தையவை. உப்பு அவ்வளவு அரிதென்றால் 'உப்புக்குப் பெறாத' என்ற வழக்குக்கு இடமே இருந்திருக்காது.

இவ்விளக்கங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. எல்லாமே சமையலறையிலோ சந்தையிலோ தொடங்குகின்றன. உப்பிட்டவர் என்றால் இலையில் உப்பு வைத்தவர். அதற்கு முன்னால் சேற்றை மிதித்து, வெயிலில் நின்று, உப்பை வாரிக் குவித்தவர் எந்த விளக்கத்திலும் தலைகாட்டுவதில்லை.

எயிற்பட்டினமும் சாத்திய கதவும்

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. பரிசில் தேடும் பாணனுக்கு வழி சொல்லும்போது அது குறிப்பிடும் ஊர்களில் ஒன்று எயிற்பட்டினம். இது இன்றைய மரக்காணம் பகுதியே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இந்தப் பாட்டில் பாணனின் வறுமையைக் காட்டும் ஒரு பகுதி தமிழ் இலக்கியத்தில் உப்பைப் பற்றிய மிகக் கூர்மையான சமூகக் கவனிப்பு என்று சொல்வேன். வீட்டில் ஒன்றுமில்லை, பாணன் மனைவி குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். பிறகு, புறம் பேசுவோர் பார்த்துவிடக் கூடாதென்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். பசியை ஊரே அறியும், அதை மறைத்துப் பயனில்லை. அவள் மறைப்பது உப்பில்லாத கீரையை. வறுமைக்கு வயிறு சாட்சியாவதற்கு முன்பே அண்டை வீட்டார் சாட்சியாகிவிடுகிறார்கள் என்பதைப் புலவர் நன்கு அறிந்திருக்கிறார். அந்த நிலையிலும் அவள் சுற்றத்தாரை விட்டுவிட்டு உண்ணவில்லை என்பது இன்னொரு நுட்பம். பங்கிடுவதில் அவளுக்கு வெட்கம் இல்லை, அயலார் பார்ப்பதில்தான் வெட்கம்.

இதே பாட்டில் கொற்கையை வருணிக்கும் இடத்தில் உப்பு வணிகரான உமணரின் வண்டிகள் வருகின்றன. அவர்கள் பிள்ளையாகவே வளர்த்த மந்தி, உமணச் சிறுவரோடு கிளிஞ்சலை வைத்து விளையாடுகிறது. எயிற்பட்டினத்தில் பரதவர் பாணனுக்குத் தேறலும் சுட்ட உலர்மீனும் தருவார்கள் என்றும் பாட்டுச் சொல்கிறது. உப்பின்றிக் கதவடைத்த வீட்டுப் பாணன் உப்பு விளையும் கரை வழியாகப் போகிறான். நெய்தல் மக்கள் கையால் உண்கிறான். கடைசியில் புகழ் முழுவதும் நல்லியக்கோடனுக்கு. புரவலனைப் பாடுவதுதான் ஆற்றுப்படையின் வேலை, அதற்காகப் புலவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் நன்றியின் திசை அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

அகநானூற்றில் அம்மூவனார் பாடிய 140, 390 ஆகிய பாடல்களில் உமணப் பெண் நெல்லுக்குச் சமமாக உப்பு என்று கூவி விற்கிறாள். அளவுக்கு அளவு. 2024-25 பருவத்தில் மைய அரசு சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அளத்துமேட்டில் ஒரு குவிண்டால் உப்புக்குக் கிடைப்பது அதில் சிறு பங்குதான். உப்பின் விலை ஏன் இறங்கியது என்பது வேறு ஆய்வு. சமமாகக் கூவிய காலத்தில் உப்பு விற்றவளுக்குப் பாட்டில் குரல் இருந்தது என்பதையும், பிற்காலப் பழமொழிகளில் அவள் குரல் அருகிவிட்டது என்பதையும் மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

மழையும் வெயிலும்

அருகிவிட்டதே தவிர, முற்றாக மறையவில்லை. 'உப்பு விற்கப் போனால் மழை பெய்யுது, மாவு விற்கப் போனால் காற்றடிக்குது' என்ற பழமொழி உண்டு. உப்புப் பழமொழிகளில் விற்பவர் பக்கமிருந்து பேசுவது இது. உள்நாட்டில் இதை யார் சொன்னாலும் தன் அதிர்ஷ்டத்தைத் தானே கிண்டல் செய்துகொள்வதாகப் பொருள். மரக்காணத்தில் அது கிண்டல் அல்ல, காலண்டர்.

அளத்து வேலை ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. பாத்திகளைச் சீராக்கி, மண்ணை மிதித்து இறுக்கி, உப்புநீரைத் தேக்கி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மெல்ல நகர்த்துவார்கள். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடுதான், மீதியைக் காற்றும் வெயிலும் எடுத்துப் போக வேண்டும். நீர் போதிய அளவு கெட்டிப்பட்டபின் படியும் உப்பைப் பலகையால் வாரி வரப்போரம் குவிக்க வேண்டும். பிறகு கூடையில் சுமந்து மேட்டில் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு கோடைமழை பெய்தால் பாத்தியில் விளைந்தது கரைந்துவிடும், வேலை பின்னுக்குப் போய்விடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அந்த ஆண்டு முடிந்தது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது மரக்காணத்து அளங்கள் ஏரிபோல நீரில் கிடந்தன.

இதே வட்டாரத்தில் ஏரிப் பாசன விவசாயிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மழை வேண்டும், அளத்துக்காரர்களுக்கு வெயில் வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட பூமீசுவரர் கோயிலில் இரு தரப்பாரும் ஒரே சாமியிடம்தான் வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மழைபெய்தால் ஊருக்கு நல்லது என்ற பொது நீதியை எழுதியவர்கள் எந்தத் தரப்பினர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மழைக்கால வேலையின்மையை அரசு கணக்கில் எடுத்துக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. மீன்பிடித் தடைக்காலத்துக்கு உதவித்தொகை வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே, 2022இல்தான், உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தமிழ்நாட்டில் வழங்கப்படலாயிற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கானது அது.

சாலையோர நாகரிகம் ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். புதுச்சேரிக்குப் போகும் வார இறுதிக் கார்கள் உப்புக் குவியல்களைக் கண்டதும் நிற்கும். வெள்ளைக் குவியலின் முன்னே படம் எடுத்துக்கொள்வார்கள். வாருகிறவர்களையும் பின்னணியில் சேர்த்துக்கொள்வார்கள். பிறகு கால் மூட்டை உப்புக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். இவர்கள் கெட்டவர்கள் அல்லர். நட்சத்திர விடுதியில் தண்ணீர் பாட்டிலுக்குச் சொன்ன விலையை எண்ணிப் பாராமல் கொடுப்பவர்கள்தாம். பேரம் என்பது பொருளின் மதிப்பைப் பொறுத்ததல்ல, எதிரே நிற்பவரின் உடையைப் பொறுத்தது என்பதற்கு இந்தச் சாலையோரம் போதிய சான்று. வாங்கிய உப்பு சமையலுக்குப் போகுமா என்பதும் சந்தேகமே. நேரடி உணவுக்கு அயோடின் சேர்த்த உப்பை மட்டுமே விற்கலாம் என்ற விதி 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாக்கெட்டுக்குப் பழகிய வீட்டில் கல்லுப்பு பெரும்பாலும் திருஷ்டி சுற்றவும் புதுமனை புகவும்தான் பயன்படுகிறது.

மரக்கிளையில் தொங்கிய சோறு

உப்புக்கடனைப் பற்றிய பழமொழியை ஒரு வரலாற்று நிகழ்ச்சி சோதித்துப் பார்த்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகிகள் நடந்தார்கள். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், அவர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை உண்டு என்று எச்சரித்தார். வழிநெடுக இருந்த மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். இட்டவர் முகம் உண்டவருக்குத் தெரியாது. தெரிந்தால் இட்டவருக்குத்தான் ஆபத்து. உள்ளளவும் நினைப்பதற்கு ஒரு பெயர்கூட இல்லை. விருந்தோம்பலில் தன் பெயர் தெரிய வேண்டும் என்ற இயல்பான ஆசையை ஒரு மாவட்ட ஆட்சியரின் ஆணை அகற்றிவிட்டது. அந்த அதிகாரிக்கு அறநூல் எழுதும் எண்ணம் இருந்திருக்காது.

மறுபக்கம் அவ்வளவு புகழ்பெறவில்லை. உவர்மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சி வாழ்ந்த உப்பிலியர், அரசு மண்ணுப்பை ஒடுக்கியபின் அத்தொழிலை இழந்து மண்வேலைக்குப் போனதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளிவந்த தம் தொகுதிகளில் பதிவுசெய்திருக்கிறார். உப்பிட்டவரை நினைக்கச் சொன்ன நாட்டில் உப்புக் காய்ச்சியவர் குற்றவாளியானார். 1931 மார்ச்சில் கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தம், உப்பு கிடைக்கும் இடங்களை ஒட்டிய ஊர் மக்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ளவும் ஊருக்குள் விற்கவும் இடம் தந்தது. வெளியூருக்குக் கொண்டுபோய் விற்கும் அனுமதி அதில் இல்லை. உமணப் பெண் நெல்லுக்குச் சமமாகக் கூவியது வெளியூர்த் தெருவில்தான்.

விளைவிப்பவரின் குரல் இல்லாத இந்த இடைவெளி புனைகதையில் ஓரளவு நிரம்பியிருக்கிறது. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி அளத் தொழிலாளரைக் கதையின் நடுவில் வைத்தது. ஸ்ரீதர கணேசனின் 'உப்பு வயல்' அதே நிலத்திலிருந்து எழுந்தது. இரண்டும் தெற்கத்தியவை. மரக்காணத்து வட்டார வழக்கும் தொழில்முறையும் அந்த அளவுக்கு எழுத்தில் வரவில்லை.

தொகுப்பவர்களுக்கு

என் முடிவு இது. உப்புப் பழமொழிகள் மனித இயல்பைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதாகத் தோன்றினாலும், பெரும்பாலும் அவை உண்பவருக்கும் இடுபவருக்கும் நடுவே நடக்கும் பேரத்தையே பதிவுசெய்கின்றன. விளைவிப்பவரின் பார்வை அவற்றில் மழைப் பழமொழி போன்ற ஓரிரு இடங்களில்தான் எட்டிப் பார்க்கிறது. எனவே இவற்றைத் 'தமிழர் பண்பாடு' என்ற மொத்தத் தலைப்பில் அறச்சான்றாக எடுத்துக்காட்டுவதை ஆய்வாளர்கள் நிறுத்திக்கொள்ளலாம். சமையலறை ஆவணம் என்று கொண்டால் இன்னும் துல்லியமாகப் படிக்க முடியும்.

அளத்தில் வழங்கும் கேலிப் பேச்சு, குத்தகைக்காரரைப் பற்றிய சொலவடை, மேகத்தைப் பார்த்துச் சொல்லும் வசை ஆகியவற்றைச் சேகரிக்க வேண்டும், சொன்னவரின் ஊரும் தொழிலும் குறித்து. பல்கலைக்கழக நாட்டுப்புறவியல் துறைகள் மாணவர்களை மரக்காணத்துக்கு அனுப்பலாம். மார்ச், ஏப்ரலில் அனுப்ப வேண்டாம்; வெயில் காயும்போது அங்கே யாருக்கும் பேச நேரம் இருக்காது. நவம்பரில் போனால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.